தம்பி சாகும் அத்தியாயம்

செங்கல்பட்டு
18.1.1998

அன்புள்ள தம்பி ஜானகிராமனுக்கு,

அக்கா காசியம்மாள் எழுதுகிறேன். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. முழங்கால் வலி தவிர எனக்கு வேறு குறையில்லை. கோட்டாவில் குளிர் எப்படி? வரலட்சுமிக்கு மூச்சிரைப்பு விட்டதா? சிநேகா நன்றாகப் படிக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். என் நாவலைச் சென்னைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உப்பளத்து ஆட்களின் பேச்சை அப்படியே எழுதினால் யார் படிப்பார்கள், கொஞ்சம் பொதுவாக மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். பத்து வருஷமாகப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மேசையிலேயே எழுதிய நாவல். ஒரு வரியும் மாற்ற மாட்டேன். நம் 'கழிமுகம் வெளியீடு' இத்தனை பேருடைய முதல் புத்தகத்தைப் போட்டிருக்கிறது. என்னுடையதையும் போடட்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ராஜாராமின் கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதையின் தலையும் இன்னொரு கவிதையின் உடம்பும் ஒட்டிக்கொண்டு அச்சாகிவிட்டன. ஒரு விமர்சகர் அதைப் புதிய உத்தி என்று பாராட்டியும் எழுதிவிட்டார். ராஜாராம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எழுதியவர் கண்ணுக்குத் தான் நினைத்ததுதான் தெரியும், தாளில் இருப்பது தெரியாது. அதனால் ஒவ்வொரு பாரத்தையும், அதாவது ஒரே தடவையில் அச்சேறுகிற பதினாறு பக்கத்தையும், வேறொருவர் வாய்விட்டுப் படித்து 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மெஷினில் ஏற்ற மாட்டோம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

என் நாவலுக்கு நீ கையெழுத்துப் போட வேண்டும். உப்பு மிதித்தவன் நீதான். முதல் இரண்டு பாரத்தின் புரூஃப் இத்துடன் இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு. அச்சகத்துக் கண்ணாயிரத்திடம் இரண்டு பாரத்துக்குத்தான் ஈய எழுத்து இருக்கிறது. அடித்து முடித்துப் பிரித்துப் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும்.

எல்லோருக்கும் என் அன்பு.

காசியம்மாள்


கோட்டா
9.2.1998

அன்பு அக்காவுக்கு,

ஜானகிராமன் வணக்கம். குளிர் குறைந்துவிட்டது. வரலட்சுமி தேறிவிட்டாள். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாவதோடு நின்றவனிடம் போய் நாவலுக்குக் கையெழுத்துக் கேட்கிறாயே என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால் எங்கள் வெல்டிங் வேலையிலும் இதே சட்டம்தான். நான் பற்றவைத்த இணைப்பை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பைப்பு அடுத்த இடத்துக்கு நகரும்.

வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்றாயே, அதனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து என்னோடு இந்த பிளாண்ட்டுக்கு மாற்றலாகி வந்த லட்சுமணன் அந்தப் பக்கமாகப் போனவன் நின்றுவிட்டான். "இன்னா மச்சான், நம்ம ஊர்ப் பேச்சா கீது?" என்று படியிலேயே உட்கார்ந்தான். சிநேகாவும் கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துத் தெரியாது. இங்கே எல்லாம் இந்திதான்.

இரண்டு பாரத்திலும் 'அச்சிடலாம்' என்று எழுதிவிட்டேன். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது. கண்ணாயிரத்தைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்.

உன் தம்பி
ஜானகிராமன்


கோட்டா
14.6.1998

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. உன் கால் எப்படி?

பதினொன்றாம் பாரமும் கையெழுத்தாகி வருகிறது. இப்போது ஞாயிறு என்றால் எங்கள் வாசலில் பாய் போட வேண்டியிருக்கிறது. சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் என்று நம் பக்கத்திலிருந்து வந்த ஆள் அத்தனையும் குடும்பத்தோடு வருகிறார்கள். வரலட்சுமி டீ போட்டு அலுத்துப்போய், அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

எல்லோருக்கும் மாரியைத்தான் பிடித்திருக்கிறது. அக்கா பொன்னி படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போகிறானே, பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்தும் பாட்டுப் பாடுகிறானே, அந்த மாரி நான்தானே? கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். லட்சுமணன் கேன்டீனில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான், கிண்டல்தான். இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

சிநேகா புரூஃப் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று நச்சரிக்கிறாள். அடுத்த பாரத்தை உடனே அனுப்பு. மாரி இறால் பிடிக்க முட்டுக்காட்டுக் கழியில் இறங்கிய இடத்தில் நிறுத்திவிட்டாய். பெண்கள் என்னைப் பிடித்துத் திட்டுகிறார்கள்.

ஜானகிராமன்


செங்கல்பட்டு
12.7.1998

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் படித்து நிறையச் சிரித்தேன். எனக்குக் காலும் பரவாயில்லை. இங்கே நல்ல மழை. கொளவாய் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் இந்த வருஷம் பிள்ளைகள் கூட்டம் அதிகம். சியாமளா டீச்சர் மாற்றலாகிப் போனதால் அவள் வகுப்பையும் நான்தான் பார்க்கிறேன். வரலட்சுமி கஷாயம் குடிக்கிறாளா? நீ வெயிலில் வெறுங்காலோடு நடக்காதே.

கண்ணாயிரம் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறார். "இன்னா டீச்சர், செங்கல்பட்டுல படிச்ச ஆளே இல்லியா? ஒரு புரூஃபு ராஜஸ்தான் போயிட்டு வருது!" என்கிறார். ஆனால் உன் கையெழுத்தைக் கண்டால்தான் மெஷினைத் தொடுகிறார்.

பன்னிரண்டாம் பாரம் இத்துடன் இருக்கிறது. முதலில் நீ தனியாகப் படி. அவசரம் ஒன்றும் இல்லை.

சிநேகாவுக்கு முத்தம்.

காசியம்மாள்


செங்கல்பட்டு
23.8.1998

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. தபாலில் தவறிப்போயிருக்குமோ என்று இன்னொரு புரூஃப் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கண்ணாயிரம் தினமும் ஆள் அனுப்புகிறார். பன்னிரண்டைக் கோத்து இரும்புச் சட்டத்தில் பூட்டி வைத்திருப்பதால், இருக்கிற எழுத்தில் பாதி அதில் முடங்கிக் கிடக்கிறது. ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கிற வேலை வருகிறதாம். நீ படித்தாயா என்று மட்டும் எழுது.

காசியம்மாள்


கோட்டா
6.9.1998

அக்காவுக்கு,

பாரம் பன்னிரண்டு, இரண்டு பிரதியும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன்.

என்னை ஏன் கொன்றாய்?

முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் நான் மூழ்குவேனா? அந்தத் தண்ணீரில் எனக்குத் தெரியாத பள்ளம் உண்டா? நான் மூன்று பேரை அங்கே கரையேற்றியிருக்கிறேன், உனக்கே தெரியும். பதினாறு வயதில் என்னைச் சாகடித்து, மீன்காரர்களை விட்டுத் தூக்கி வரவைத்து, கோவளத்து மணலில் கிடத்தியிருக்கிறாய். என் காலில் இருந்த வெடிப்பைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய்.

வரலட்சுமி அந்தத் தாளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்கிறாள். கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஊரெல்லாம் மாரி நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் இனி எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிப்பேன்? உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்புகிறேன்.

உன் சட்டம், உன் புத்தகம். நீயே பார்த்துக்கொள்.

ஜானகிராமன்


செங்கல்பட்டு
17.9.1998

அன்புள்ள தம்பிக்கு,

நீ என் உடம்பைப் பற்றிக் கேட்காமல் எழுதிய முதல் கடிதம் இது. இருக்கட்டும். நான் சுகமாகவே இருக்கிறேன்.

மாரி நீ இல்லை. உன்னுடைய காலும் பாட்டும் அவனிடம் இருக்கலாம். அதற்கு மேல் அவன் என் கதையில் வருகிற பையன். பொன்னி அந்தக் கரையைவிட்டுக் கிளம்ப ஒரு பெரிய அடி விழ வேண்டும். விழாவிட்டால் அவள் அங்கேயே கிடந்து மக்கிப்போவாள். அதனால் அவன் சாகிறான், அவள் கிளம்புகிறாள், ஒரு கன்னியாஸ்திரீ அவளைப் படிக்க வைக்கிறாள். கதை அப்படித்தான் வந்தது. ஒரு வெல்டரின் மனைவி அர்ச்சனை செய்தாள் என்பதற்காக நாவலாசிரியை கதையை மாற்ற முடியாது.

உன்னைக் கெஞ்சவும் மாட்டேன். "வேற யார்னா ஒரு ஆள உட்டுக் கையெழுத்து வாங்குங்க டீச்சர், என் எழுத்துல பாதி உங்க தம்பி சாவுல மாட்டிகினு கீது" என்று கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொள்கிறார். வாங்க மாட்டேன். ராஜாராமுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? உன் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த நாவல் வராது. பத்து வருஷம் போனது போகட்டும்.

வரலட்சுமியையும் சிநேகாவையும் கேட்டதாகச் சொல்.

காசியம்மாள்


கோட்டா
25.10.1998

அன்பு அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. உன் கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்காமல் விட்டது தப்புதான்.

தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு லட்சுமணன் பாயோடு வந்துவிட்டான். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். "உடம்பு நல்லாத்தான கீது? படி" என்றான். தப்பிக்க வழியில்லை. தாள் உன்னிடம் போய்விட்டது என்றேன். சிநேகா உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். திருப்பி அனுப்புவதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள், கள்ளி.

படித்தேன் அக்கா. மணலில் கிடத்திய இடம் வந்ததும் லட்சுமணன் மூக்கைச் சிந்தி என் வேட்டியிலேயே துடைத்தான். "டேய், உயிரோட குந்திகினு கீறேன், எனக்கா அழுவுற?" என்றேன். "நீ கம்முனு படி மச்சான், மாரி பூட்டான்" என்கிறான்! அர்ச்சனை செய்த வரலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். நான் செத்தால் இத்தனை பேர் அழுவார்கள் என்று உயிரோடு இருந்து பார்த்தவன் நான்தான்.

நன்றாக எழுதியிருக்கிறாய். என் சுயநலத்துக்காக அதை நிறுத்தக் கூடாது. அந்த ஜெராக்ஸிலேயே கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். மாரி சாகட்டும்.

ஒன்று மட்டும். எல்லோரும் போன பிறகு சிநேகா கேட்டாள்: "அப்பா, நெஜமா அத்தைய யாரு படிக்க வெச்சது? அந்த சிஸ்டரா?" படுக்கப் போ என்றேன்.

உன் தம்பி
ஜானகிராமன்


செங்கல்பட்டு
15.11.1998

என் தம்பிக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தூக்கம்தான் இல்லை. உங்கள் மூவரையும் நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உன் கையெழுத்து வந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அச்சகத்துக்குப் போனேன். கண்ணாயிரம் தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பாரத்தைத் தூக்கி மெஷினில் வைக்கப் போனார். "வைக்காதீங்க, பிரிச்சுப் போடுங்க" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னா டீச்சர் பேஜாரு இது? நாலு மாசம் அடைகாத்துட்டு இப்போ பிரிக்கச் சொல்றீங்க!" பிரித்தார், முடிக்கும்வரை திட்டிக்கொண்டே.

மாரி ஏன் செத்தான் என்பதற்கு உனக்கு எழுதிய காரணம் அத்தனையும் புளுகு. எழுதும்போது எனக்கே தெரியவில்லை. சிநேகா கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அவன் உயிரோடு இருந்தால் பொன்னி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு எழுத வரவில்லை. இரண்டு கவிதைத் தொகுப்பு, ஒரு நாவல், ஊரார் புத்தகத்துக்கெல்லாம் முன்னுரை, இத்தனையும் எழுதியவளுக்கு அது வரவில்லை. சாகடித்தால் எழுத வேண்டியதில்லை அல்லவா?

நான் டீச்சர் டிரெயினிங் கிளம்பிய காலை உனக்கு நினைவிருக்கும். கோவளம் பஸ் ஸ்டாப்புக்கு என் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்தாய். பாத்தியிலிருந்து அப்படியே வந்ததால் முழங்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பெட்டியை ஏற்றினாய். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், பஸ் கிளம்பிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக அந்த பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

புதுப் பன்னிரண்டாம் பாரம் இத்துடன் வருகிறது. மாரி பள்ளத்தில் கால் வைக்கிறான், மூழ்குகிறான், மூச்சு முட்டக் கரையேறுகிறான். கூடை நிறைய இறாலோடு. கன்னியாஸ்திரீ போய்விட்டாள். மாரி உப்பளத்தில் உழைத்துப் பொன்னியைப் படிக்க அனுப்புகிறான். அதே பஸ் ஸ்டாப். பஸ் கிளம்பும்போது பொன்னி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்துகிறாள்:

"டேய் மாரி, உன் படிப்பத்தான்டா நான் எடுத்துகினு போறேன். திருப்பிக் குடுப்பேன்!"

இந்த ஒரு வரிக்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது. அது உனக்குத்தான் தம்பி. மாரி நீதான்.

அச்சிடலாமா?

உன் அக்கா
காசியம்மாள்


கோட்டா
6.12.1998

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் நன்றாகத் தூங்கு.

உன் கடிதத்தைப் பிளாண்ட்டில் வைத்துப் படித்துவிட்டேன். கண்ணில் தீப்பொறி பட்டுவிட்டது என்று சொல்லி ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புது அத்தியாயத்தைப் படித்தேன். லட்சுமணனுக்குக் கோபம். "மொத தபா செத்ததுக்கு நான் அழுத அழுவைக்கு இன்னா பதிலு?" என்று சண்டைக்கு வந்தான். அப்புறம் பஸ் இடம் வந்தது. மறுபடியும் என் வேட்டிதான் கிடைத்தது அவனுக்கு.

கையெழுத்தோடு அனுப்புகிறேன். இந்தத் தடவை கோணல் இல்லை, பார். மீதிப் பாரங்களைச் சீக்கிரம் அனுப்பு. வெளியீட்டு விழாவுக்கு வர முடியாது போலிருக்கிறது. பிளாண்ட்டை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்கப் போகிறது, லீவு கிடையாதாம்.

ஜானகிராமன்


செங்கல்பட்டு
21.2.1999

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே நான் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறேன், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

வெளியீட்டு விழா முடிந்தது. சின்ன மண்டபம்தான் எடுத்திருந்தேன். நான் புத்தகம் போட்ட கவிஞர்கள் வருவார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கேளம்பாக்கத்து உப்பளத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். உட்கார இடமில்லாமல் சன்னலில் ஏறி நின்று கேட்டார்கள். பன்னிரண்டாம் பாரத்தைப் பாட்டுப்போல வாசித்தான் ராஜாராம். பஸ் கிளம்பும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஓடுடா மாரி, ஓடுடா! பின்னாலயே ஓடு!" என்று கத்தினாள். மண்டபமே எழுந்துவிட்டது. கண்ணாயிரம் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொருவரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டி "ரெண்டு தபா கோத்தது இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொண்டுபோன பிரதி ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாம் அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னைப் பதிப்பகத்திலிருந்து ஆள் வந்தார். இந்த மொழிதான் நாவலின் பலமாம், அடுத்த பதிப்பை அவர்கள் போடுகிறார்களாம். "எங்கள் வெளியீட்டிலேயே வரும்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். அந்தக் காபி போட்டபோது எனக்கிருந்த சந்தோஷம் எந்தப் பரிசு வாங்கியும் வந்ததில்லை.

உனக்கு முதல் பிரதியை அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழேயே உன் பெயர் இருக்கிறது: 'அச்சிடலாம் என்றவர்: ஜானகிராமன்.'

காசியம்மாள்


கோட்டா
14.3.1999

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் நலம், உன் நலத்துக்கு இனி நான் கேட்கத் தேவையில்லை போலிருக்கிறது.

புத்தகம் வந்து சேர்ந்தது. வரலட்சுமி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஞாயிறு வரை யாரையும் தொட விடவில்லை.

இன்று கூட்டம் சேர்ந்ததும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்தேன். சிநேகா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நான் படிக்கிறேன் பா" என்றாள். புரூஃப் தாளை வைத்து இத்தனை மாதமாக எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல். நான் பாயில் போய் உட்கார்ந்தேன்.

மெதுவாகத்தான் படித்தாள். சில இடத்தில் திக்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பஸ் ஸ்டாப் வந்தது. "உன் படிப்பத்தான்டா நான் எடுத்துகினு போறேன். திருப்பிக் குடுப்பேன்" என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தை குடுத்துட்டாங்க பா" என்றாள்.

லட்சுமணன் என்னைக் காட்டி, "தோ குந்திகினு கீறான் பாரு மாரி!" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் நிறுத்தவில்லை, அக்கா. நான் எழுந்து நின்றேன்.

அடுத்த நாவல் எப்போது? கையெழுத்துப் போட இனி வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் தம்பி
ஜானகிராமன்